சித்திரத்தில் நடந்த சிறுமி திரையில் எங்கே?

“கதையாகப் படித்தபோது இருந்த சுவை, படமாகப் பார்த்தபோது இல்லை” என்று கூறாத வாசகரைக் காண்பது அரிது. கல்கி அவர்களின் ‘பொன்னியின் செல்வன்’ 1950ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரை ஓவியர் மணியத்தின் சித்திரங்களோடு வாரந்தோறும் வெளிவந்தது. மணிரத்தினத்தின் நெறியாள்கையில் அது 2022இலும் 2023இலும் இரு பாகங்களாகத் திரைக்கு வந்தபோது, பாட்டியின் மனத்திலிருந்த குந்தவையும் பேர்த்தி திரையிற் கண்ட குந்தவையும் ஒருவர்தாமா என்ற வழக்கு பல வீடுகளில் எழுந்தது. நம் நாட்டிலும் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் 1978ஆம் ஆண்டில் படமாயிற்று. இவ்வாறு நூல் வேறு, படம் வேறு என்று ஒப்பிட்டுப் பேசுவது நமக்குப் பழகிய பொழுதுபோக்கே.

ஆயினும் இவையெல்லாம் சொல்லால் அமைந்த கதைகள். சொல்லைக் காட்சியாக்கும்போது வேறுபாடு தோன்றுதல் இயல்பு. முன்னரே காட்சியாக இருக்கும் சித்திரக்கதையைத் திரைப்படமாக்கும்போது என்ன நேர்கின்றது? முகம் வரையப்பட்டிருக்கின்றது, உடை வரையப்பட்டிருக்கின்றது, யார் எங்கே நிற்பது என்பதும் வரையப்பட்டிருக்கின்றது. எடுத்துத் திரையில் வைப்பதுதானே வேலை என்று எண்ணத் தோன்றும். அஃது அத்துணை எளிதன்று என்பதற்குத் தமிழ் வாசகர்கள் நன்கறிந்த ஒரு கதாநாயகியே சான்று. அவள் பெயர் மாடஸ்டி பிளைசி. வன்னி மண்ணில் வாழும் நமக்கு அவள் கதையில் ஒரு தனி உரிமையும் உண்டு. அதனை முறையாகக் கூறுவோம்.

சிவகாசி வழியாக வந்த இளவரசி

சித்திரக்கதை என்றதும் முகஞ்சுளிக்கும் பெரியோர் இன்றும் உளர். பாடப்புத்தகத்துள் ஒளித்துவைத்துப் படித்து அகப்பட்டவர்களும் உளர். அவர்களிற் பலர் இப்போது தம் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெற்றோராகி விட்டனர். 1972ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ தன் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’யை வெளியிட்டது. 1984ஆம் ஆண்டில் இன்னும் இரண்டு தோன்றின. ‘ராணி காமிக்ஸ்’ ஜேம்ஸ் பாண்டைக் கொண்டு தொடங்கியது. ‘லயன் காமிக்ஸ்’ தன் முதல் இதழில் மாடஸ்டியைக் கொண்டுவந்தது. அவ்விதழின் பெயர் ‘கத்திமுனையில் மாடஸ்டி’. கடல் கடந்து யாழ்ப்பாணத்துப் புத்தகக் கடைகளுக்கும் இவை வந்து சேர்ந்தன. ஒருவர் வாங்கப் பத்துப் பேர் படித்தனர். அட்டை கிழிந்த பின்னரும் படித்தனர்.

அந்த மாடஸ்டி இலண்டனிற் பிறந்தவள். 1963ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி ‘ஈவினிங் ஸ்ராண்டேர்ட்’ என்னும் மாலைப் பத்திரிகையில் அவள் கதை தொடங்கியது. எழுதியவர் பீற்றர் ஓ’டொனல். வரைந்தவர் ஜிம் ஹோல்டவே. 1970ஆம் ஆண்டில் ஹோல்டவே காலமானபின் ஸ்பானிய ஓவியர் ரொமேரோவும் பிறரும் வரைந்தனர். எழுதியவர் மட்டும் மாறவேயில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள், தொண்ணூற்றுக்கு மேற்பட்ட கதைகள். அனைத்தையும் ஓ’டொனல் ஒருவரே எழுதினார். 2001ஆம் ஆண்டு சித்திரை 11ஆந் திகதி, தமது எண்பத்தோராவது பிறந்த நாளன்று, தொடரைத் தாமே நிறைவு செய்தார். 2010ஆம் ஆண்டில் மறைந்தார்.

மாடஸ்டி யார்? ஒருகாலத்தில் ஒரு சட்டவிரோதக் கூட்டத்தின் தலைவி. போதைப்பொருளையும் பெண் வாணிபத்தையும் தன் கூட்டத்தார் தொடலாகாது என விலக்கிவைத்தவள். பின்னர் அத்தொழிலைக் கைவிட்டுப் பிரித்தானிய இரகசியப் பிரிவின் தலைவர் ஒருவருக்காக ஆபத்தான பணிகளை மேற்கொள்கின்றாள். அவளுடைய தோழன் வில்லி கார்வின். சிறையிற் கிடந்து, எவரும் மதியாத நிலையில் இருந்த அவனை அவள் நம்பினாள். அந்நம்பிக்கையால் அவன் மனிதனானான். அவன் அவளை ‘இளவரசி’ என்றே அழைப்பான். தமிழ் வாசகரும் அப்பெயராலேயே அவளை அழைத்து வருகின்றனர். இருவரும் காதலர் அல்லர். தொடர் முழுவதிலும் அவர்கள் நண்பர்களாகவே இருக்கின்றனர். ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் முழுதும் மதித்து நட்பாக இருத்தல் கூடும் என்பதை முப்பத்தெட்டு ஆண்டுகள் விடாது கூறிய கதை உலகில் அதிகமில்லை.

பாரசீகத்தில் கண்ட காட்சி

இவள் எங்கிருந்து வந்தாள்? ஓ’டொனல் இதனைப் பலமுறை கூறியிருக்கின்றார். இரண்டாம் உலகப் போரில் அவர் இராணுவச் செய்தித் தொடர்புப் பிரிவிற் பணியாற்றிய இளைஞர். 1942ஆம் ஆண்டில் அவரது சிறு குழு பாரசீகத்தின் வடபகுதியில் தங்கியிருந்தது. போருக்குத் தப்பிய அகதிகள் அவ்வழியே தெற்கு நோக்கி வந்துகொண்டிருந்தனர். அவர்களுக்கிடையே ஒரு சிறுமி தன்னந்தனியாக வந்தாள். தாய் இல்லை, தந்தை இல்லை, கைபிடித்து வர ஒருவருமில்லை. கழுத்தில் ஒரு தோல்வாரில் மரத்துண்டொன்று தொங்கியது. அதன் முனையில் ஓர் ஆணி கட்டப்பட்டிருந்தது. அதுவே அவளது காவல்.

படைவீரர்கள் அவளுக்கு உணவும் தேநீரும் கொடுத்தனர்; வழிக்கு உதவியாக உணவுத் தகரங்களும் கொடுத்தனர். அவள் புன்னகை செய்தாள். பின்னர் தன் மூட்டையைச் சுமந்துகொண்டு நடந்து போனாள். ஓர் இளவரசி நடப்பதுபோல அவள் நடந்தாள் என்று இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் ஓ’டொனல் மறக்கவில்லை. அவள் பெயரை அவர் அறியார். அவளுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதையும் அறியார். ஒரு கதாநாயகியைப் படைக்க வேண்டி வந்தபோது அவள்தான் நினைவுக்கு வந்தாள்.

ஆதலாற் சித்திரக்கதையின் மாடஸ்டியும் ஊர் பேர் தெரியாத அகதிக் குழந்தையே. முகாம்களிலும் தெருக்களிலும் அலைகின்ற அவள், ஒரு முகாமில் லொப் என்னும் முதிய யூதப் பேராசிரியரைச் சந்திக்கின்றாள். பிறர் அவரது உணவைப் பறிக்க வந்தபோது அவள் தடுத்து நிற்கின்றாள். அன்று முதல் அவருக்கு அவள் காவல். அவளுக்கு அவர் பள்ளிக்கூடம். வழிநடையிலேயே மொழிகளையும் வரலாற்றையும் கற்பிக்கின்றார். மாடஸ்டி என்ற பெயரும் அவர் இட்டதே. பிளைசி என்ற மறுபாதியை, அவர் கூறிய பழங்கதையில் வரும் ஓர் ஆசானின் பெயரிலிருந்து அவளே தெரிந்தெடுக்கின்றாள். தானே தனக்குப் பெயர் வைத்துக்கொண்டவள் என்பது இக்கதையின் கருவூலம் என்போம்.

நாளுக்கு மூன்று கட்டம்

பத்திரிகைச் சித்திரக்கதையின் இலக்கணத்தையும் இங்கே சிறிது அறிந்துகொள்ளுதல் நன்று. நாளொன்றுக்குப் பெரும்பாலும் மூன்று கட்டங்களே இடம். முதற் கட்டம் நேற்று நின்ற இடத்தை நினைவூட்ட வேண்டும். நடுக்கட்டம் கதையை நகர்த்த வேண்டும். இறுதிக் கட்டம் நாளை பத்திரிகை வாங்கச் செய்ய வேண்டும். வண்ணம் இல்லை, கறுப்பு மையும் வெள்ளைத் தாளுமே உண்டு. ஹோல்டவே நிழலைக் கொண்டே மனத்தை வரைந்தார். முகத்தின் பாதியை இருளில் வைத்து மீதிப் பாதியில் ஒரு முடிவைக் காட்டுவார்.

கட்டத்திற்கும் கட்டத்திற்கும் நடுவே ஒரு வெற்றிடம் உண்டல்லவா? அதனை நிரப்புகின்றவர் வாசகரே. மாடஸ்டி ஒரு கட்டத்தில் வாயிலில் நிற்கின்றாள். அடுத்த கட்டத்தில் அறைக்குள் இருக்கின்றாள். அவள் எப்படி நுழைந்தாள், என்ன எண்ணினாள் என்பதை நாமே அமைத்துக்கொள்கின்றோம். வேண்டுமானால் நின்று பார்க்கலாம், பின்னோக்கிப் போகலாம். திரைப்படம் அவ்வாறு நிற்காது. தன் கதியில் நம்மை இழுத்துச் செல்லும். எனவே சித்திரக்கதையைப் படமாக்குவோர், வாசகர் தம் மனத்தால் நிரப்பிய அந்த வெற்றிடத்துக்கு ஈடாக வேறொன்றைத் தர வேண்டியவராகின்றனர். எதைத் தருகின்றனர் என்பதிற்றான் வெற்றியும் தோல்வியும் அமைகின்றன.

1966: ஆடம்பரமும் இழப்பும்

தொடர் தொடங்கி மூன்றே ஆண்டுகளில் படம் வந்துவிட்டது. நெறியாளர் ஜோசப் லோசி, ‘த சேர்வன்ட்’ என்னும் படத்தாற் பெரும் புகழ் பெற்றவர். மாடஸ்டியாக இத்தாலிய நடிகை மொனிக்கா விற்றி. வில்லியாக ரெரன்ஸ் ஸ்ராம்ப். பகைவன் கேபிரியலாக டேர்க் பொகார்ட். மூவரும் அக்காலத்தின் பெரும் நட்சத்திரங்கள். அம்ஸ்டர்டாமிலும் சிசிலித் தீவிலும் படம்பிடித்தனர். கான் திரைப்பட விழாவின் போட்டிக்கும் அது சென்றது. குறை சொல்வதற்கு முன் நிறையைச் சொல்லுதல் முறை: கண்ணுக்கு விருந்தான படம் அது. வெள்ளைத் தலைமுடியும் வெயிற்குடையுமாக வரும் பொகார்ட்டின் நகைச்சுவை இன்றும் சுவைக்கத்தக்கது.

ஆயின் மாடஸ்டி எங்கே? லோசி, அக்காலத்தில் உலகெங்கும் பரவியிருந்த உளவாளிப் படங்களைக் கேலி செய்ய விரும்பினார். கேலிக்குரிய பொம்மையாக மாடஸ்டி ஆக்கப்பட்டாள். நொடிக்கொரு நிறமாய்க் கூந்தலும் உடையும் மாறுகின்றன. ஆபத்தின் நடுவில் அவளும் வில்லியும் பாட்டுப் பாடுகின்றனர். போதாக்குறைக்குக் காதலும் பேசுகின்றனர். முதலிற் படக்கதையை எழுதிக் கொடுத்தவர் ஓ’டொனலே. பின்னர்ப் பிறர் கைபட்டு அது மாறி மாறி, இறுதியில் தாம் எழுதியதில் ஒரேயொரு வரியே எஞ்சியது என்று அவர் பின்னாளிற் கூறினார். தமது எழுத்தை வீணாக்காமல் 1965ஆம் ஆண்டில் அவர் நாவலாக வெளியிட்டார். படத்திற்கு முன்னரே வந்த அந்நாவல் நன்கு விற்பனையாயிற்று. தொடர்ந்து மாடஸ்டியை வைத்துப் பதினொரு நாவல்கள் வரை எழுதினார். படம் அவருக்குச் செய்த பேருதவி இதுவெனலாம்.

பாட்டும் கூந்தலும் பெருங் குற்றங்களல்ல. நமது படங்களில் இவற்றினும் விந்தையானவற்றைப் பொறுத்திருக்கின்றோம். அந்தப் படத்தின் பெருங்குறை வேறு. மரத்துண்டில் ஆணி கட்டிய சிறுமி அதில் இல்லை. எல்லாவற்றையும் இழந்து, அவற்றில் ஒவ்வொன்றையும் தானே மீட்டுக்கொண்ட ஒருத்தியின் அமைதி வேறு. செல்வத்திற் பிறந்த ஒருத்தியின் அலட்சியம் வேறு. சித்திரத்தில் மாடஸ்டி அஞ்சாமல் நிற்கும்போது, அவள் இதனினும் கொடிய இரவுகளைக் கண்டவள் என்று நமக்குத் தெரியும். திரையில் அவள் அஞ்சாமல் நிற்கும்போது, அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று மட்டுமே தெரிகின்றது. உடையைக் கொண்டுபோனார்கள், உயிரை விட்டுப் போனார்கள்.

2004: ஏழைப் படத்தின் செல்வம்

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின்பின் இன்னொரு படம் வந்தது. பெயர் ‘என் பெயர் மாடஸ்டி’ என்னும் பொருளுடையது. நெறியாளர் ஸ்கொட் ஸ்பீகல். மாடஸ்டியாக நடித்தவர் அலெக்சாண்ட்ரா ஸ்ரேடன். ருமேனியாவின் புக்கறெஸ்ட் நகரில் பதினெட்டே நாளில் எடுக்கப்பட்ட சிக்கனப் படம். திரையரங்குகளிற் கொண்டாடப்படாமல் 2004ஆம் ஆண்டில் இறுவட்டாக வெளிவந்தது.

கதை ஏறத்தாழ ஓர் இரவில், ஒரு சூதாட்ட விடுதிக்குள் நிகழ்கின்றது. முதலாளியைக் கொன்றுவிட்டு ஆயுதக் கும்பலொன்று விடுதியைக் கைப்பற்றுகின்றது. அங்கே வேலை செய்யும் இளம் மாடஸ்டி, தலைவனோடு பந்தயம் வைத்துத் தன் வாழ்க்கை வரலாற்றைச் சிறிது சிறிதாகக் கூறிக் காலத்தைக் கடத்துகின்றாள். ஆயிரத்தோரிரவுக் கதையில் உயிர் காக்கக் கதை சொன்ன பெண்ணை நமது மாணவர்கள் நினைவுகூரலாம். அவள் சொல்லும் கதையில் முகாம் வருகின்றது; அலையும் சிறுமி வருகின்றாள்; லொப் பேராசிரியர் வருகின்றார். முதற் படம் விட்டுச் சென்ற உயிர் இங்கே தென்படுகின்றது.

இதிலும் குறைகள் உண்டு. வில்லி கார்வின் இல்லவே இல்லை. அவன் கதைக்குள் வருமுன் நடந்த கதை இது. நான்கு சுவருக்குள் நெடுநேரம் பேச்சாகவே செல்வதால் பொறுமையற்றோர் எழுந்து போய்விடுவர். ஹோல்டவேயின் கறுப்பு மையில் இருந்த அழகில் பத்தில் ஒன்றும் இதில் இல்லை. எனினும் பணத்தில் ஏழையான இப்படம், பொருளிற் பணக்காரப் படத்தை வென்று நிற்கின்றது. கதையின் வேர் எது என்று அறிந்தவர் எடுத்த படம் என்பதே காரணம்.

நமக்கு இதில் என்ன?

இவ்வரிகள் ஜெயபுரத்தில் எழுதப்படுகின்றன. கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்கேயுள்ள இவ்வூருக்கு, மூட்டை சுமந்து நடக்கும் சிறுமி என்பவள் ஐரோப்பியக் கற்பனையல்லள். 2008ஆம் ஆண்டில் மன்னார்ப் பக்கமிருந்து போர் பூநகரியை நோக்கி நகர்ந்தபோது, வன்னியின் மேற்குப் பகுதி மக்கள் ஊரூராகப் பெயர்ந்து கிழக்கே சென்றனர். 2009ஆம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தது. எஞ்சியவர்கள் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டனர். மெனிக் பாம் முகாம் 2012ஆம் ஆண்டு செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. அங்கே தண்ணீருக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டனர்; சிலர் வகுப்பறையில் ஆசிரியராக நிற்கின்றனர்; சிலர் தம் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கைபிடித்து அழைத்து வருகின்றனர்.

அக்காலத்தில் அப்பிள்ளைகளை உலகம் எவ்வாறு படம்பிடித்தது? முள்வேலிக்குப் பின்னால் ஏங்கும் கண்களாக, நீட்டிய கைகளாகப் பிடித்தது. பொய்ப் படங்கள் அல்ல அவை. இரக்கமும் உதவியும் வர அவை வழிசெய்தன என்பதையும் மறுக்கோம். ஆயினும் அந்தப் படங்களில் பெயர் இல்லை. நாளைக்கு என்ன செய்வேன் என்று அந்தப் பிள்ளை எண்ணிய எண்ணம் இல்லை. 1942இல் ஓ’டொனலும் அவ்வாறே பரிதாபமான ஒன்றைக் கண்டு மறந்திருக்கலாம். அவரோ அவள் நடையைக் கவனித்தார். அகதிக்கும் நிமிர்ந்த நடை உண்டு என்பதை ஒரு மாலைப் பத்திரிகையின் மூன்று கட்டத்துக்குள் வைத்து உலகுக்குக் காட்டினார். 1966ஆம் ஆண்டுப் படம் அச்சிறுமியைத் தவிர்த்ததை ஒரு கலைக்குறையாக மட்டும் நம்மாற் கொள்ள முடியவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளை எளிதாகக் கதையிலிருந்து நீக்கிவிடலாம் என்ற எண்ணமும் அதில் இருக்கின்றது. அந்த எண்ணம் நமக்குப் புதிதன்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறல் வேண்டும். துன்பம் வந்தால் வீரம் தானாக வரும் என்று எவரும் கருதிவிடலாகாது. துன்பம் பலரை உடைத்துவிடும். நம் கண்முன்னே உடைந்தவர் பலர். எதிரிகளை அடுக்கடுக்காக வீழ்த்தும் மாடஸ்டி கற்பனையே. பாரசீகத்தில் தனியே நடந்த உண்மைச் சிறுமிக்கு நல்வாழ்வு கிடைத்ததோ இல்லையோ, கதாசிரியரும் அறியார். ஆனாற் கதையைக் கூர்ந்து படிப்பவர் ஒன்றைக் காண்பர். மாடஸ்டியை ஆளாக்கியது போர் அன்று. தன்னிடம் ஒன்றுமில்லாதபோதும், தான் கற்றதை ஒரு குழந்தையிடம் கொடுத்த ஒரு கிழவர் அவளை ஆளாக்கினார். மரநிழலிலும் தறப்பாளுக்கடியிலும் பாடஞ் சொல்லிய ஆசிரியர்களை வன்னி அறியும். லொப் பேராசிரியரை நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கையிற் சித்திரக்கதையைக் கண்டதும் பறிக்காதீர்கள். வயதுக்கு ஏற்றதா என்று நீங்களும் ஒருமுறை படித்துப் பாருங்கள். மாடஸ்டியின் சாகசங்கள் உயர்வகுப்புப் பிள்ளைகளுக்கே பொருந்தும். படித்தபின், “இதில் உனக்குப் பிடித்த கட்டம் எது? ஏன்?” என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை சொல்லும் பிள்ளை நாளை ஒரு நாவலையும் படிக்கும்.

மாணவர்களுக்கும் ஒரு பயிற்சி கூறுவோம். சித்திரக்கதை ஒன்றையும் அதிலிருந்து எடுத்த படத்தையும் ஒப்பிட விரும்பினால், “முகம் ஒத்திருக்கின்றதா, உடை ஒத்திருக்கின்றதா” என்று தொடங்காதீர்கள். முதலில் ஒரு தாளில், இக்கதையில் எதை நீக்கினால் கதையே இல்லாமற் போகும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பின்னர்ப் படத்தைப் பாருங்கள். அந்த வாக்கியம் படத்தில் இருந்தால், மற்ற மாற்றங்களைப் பொறுத்துக்கொள்ளலாம். இல்லையேல், எத்தனை கோடி செலவிட்டு எடுத்தாலும் அது வேறொரு கதை.

அதன்பின் இன்னொரு தாளை எடுத்து மூன்று கட்டம் வரையுங்கள். உங்கள் வீட்டில், உங்கள் ஊரில், நீங்கள் அறிந்த ஒருவர் நடந்து வந்த வழியை அதில் வரைந்து பாருங்கள். கோடு கோணலாக இருந்தாலும் குற்றமில்லை. நடப்பவர் நிமிர்ந்து நடக்கட்டும். அவருக்குப் பெயரும் இருக்கட்டும்.